உறையாத எண்ணெய்

கம்பத்திலிருந்து மலைப்பாதை வளைவுகளைக் கடந்து குமுளியில் இறங்கியதும் ஏலக்காய் மணத்தோடு தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் வேகும் மணமும் வந்து மோதும். கடை வாசலிலேயே அடுப்பு. கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே காயைப் பிடித்து நேராகச் சட்டிக்குள்ளேயே சீவுவார் மாஸ்டர். சீவல் மொறுமொறுப்பாகும் நேரம் பார்த்து, உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றுவார். எண்ணெய் சீறிப் பொங்கி அடங்கும். வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் போனாலும் இதே காட்சிதான். பல ஈடு பொரித்துக் கறுத்துப்போன அந்த எண்ணெயை விமானத்துக்கு எரிபொருளாக்கலாம். அது எப்படி என்று படித்த நாளிலிருந்து சிப்ஸ் கடையைக் கடக்கும்போதெல்லாம் என் கண் சட்டியின் மேல்தான் போகிறது.

மார்கழியில் மூணாறில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது கட்டியாகிவிடும். விமானம் பறக்கும் 35,000 அடி உயரத்திலோ வெளியே மைனஸ் 54 டிகிரி குளிர். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் மைனஸ் 47 வரை உறையக் கூடாது என்பது விதி. பாட்டிலில் உறையும் எண்ணெய் வானத்தில் ஓட வேண்டும். வேதியியலுக்கு வைத்த சோதனை இதுதான்.

எந்தச் சமையல் எண்ணெயின் மூலக்கூறும் மூன்று வால் கொண்டது. கிளிசரால் என்ற சிறு தண்டில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலான வால்களில் 12 அல்லது 14 கார்பன். பாமாயிலிலும் சூரியகாந்தியிலும் 16, 18. விமான மண்ணெண்ணெயிலும் இதே போன்ற கார்பன் சங்கிலிகள்தான், ஏறக்குறைய 8 முதல் 16 வரை. பெரிய வேறுபாடு, வால்கள் தண்டோடு சேரும் இடத்தில் ஆக்சிஜன் உட்கார்ந்திருப்பது. அதை வெளியேற்ற, 300 டிகிரிக்கு மேல் சூடாக்கி, பல மடங்கு அழுத்தத்தில், நிக்கல்-மாலிப்டினம் போன்ற வினையூக்கியின் மேல் எண்ணெயையும் ஹைட்ரஜனையும் பாய்ச்சுகிறார்கள். ஆக்சிஜன் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் கழன்றுவிடும். தண்டு புரொப்பேனாக மாறிவிடும். நம் வீட்டு சமையல் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்திருக்கும் அதே வாயு.

இப்போது கையில் இருப்பவை நேரான சங்கிலிகள். சிக்கலும் அங்கேதான். 18 கார்பன் சங்கிலி 28 டிகிரியிலேயே உறையும். 16 கார்பன் 18 டிகிரியில். 12 கார்பன் மைனஸ் 10 அருகில். நேரான விறகை நெருக்கி அடுக்கிவிடலாம், கவட்டை விழுந்த சுள்ளிகளை அப்படி அடுக்க முடியாது. ஆகவே இன்னொரு வினையூக்கியின் மேல் பாய்ச்சி, நீளமான சங்கிலிகளை வெட்டி, கிளை விடவைக்கிறார்கள். கிளைத்த மூலக்கூறுகள் நெருங்கி அடுக்க முடியாமல், கடுங்குளிரிலும் திரவமாகவே இருக்கும்.

தேங்காய் எண்ணெய் பறந்தும் இருக்கிறது. 2008 பிப்ரவரியில் வர்ஜின் அட்லாண்டிக்கின் போயிங் 747 ஒன்று, ஒரு எஞ்சினுக்கு மட்டும் தேங்காய், பாபாசு எண்ணெய்களிலிருந்து செய்த எரிபொருளை 20 சதவீதம் கலந்து, லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போனது. ஆனால் 2025இல் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு, தாளிக்கிற எண்ணெயை டாங்கில் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன்.

பொரித்து முடித்த எண்ணெயின் கதை வேறு. சூட்டிலும் ஈரத்திலும் அதன் மூலக்கூறுகள் சிதைந்து, துருவச் சேர்மங்கள் பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. அப்படிக் கெட்ட எண்ணெயில் பயோடீசல் செய்யப் போனால், பிரிந்து நிற்கும் அமிலங்கள் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். ஹைட்ரஜனுக்கு அந்தத் தொல்லை இல்லை. வால் தண்டோடு ஒட்டியிருந்தாலும் உதிர்ந்து கிடந்தாலும் ஆக்சிஜனைப் பிடுங்கிவிடும். நாக்குக்கு ஆகாததை எஞ்சினுக்கு ஏற்றதாக்கும் இந்த இடம்தான் எனக்கு வியப்பு. அதற்குத் தொல்லை தருவது மாஸ்டர் ஊற்றிய அந்த உப்புத் தண்ணீர். உப்பின் குளோரின் உலையின் உலோகத்தை அரிக்கும், சோடியம் வினையூக்கியைக் கெடுக்கும். அதனால் முதலில் வடிகட்டி, கழுவி, களிமண்ணில் சுத்திகரித்த பிறகே உலைக்குள் விடுகிறார்கள்.

இந்த வகை எரிபொருளைப் பாதி வரை கலக்க 2011இல் அனுமதி கிடைத்தது. முழுவதும் இதையே ஊற்றினால், மண்ணெண்ணெயில் உள்ள அரோமாட்டிக் சேர்மங்கள் இல்லாமல், ரப்பர் அடைப்பான்கள் சுருங்கிக் கசியக்கூடும். இந்தியாவில் 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் பறந்தது, அங்குள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெயில் உருவாக்கிய எரிபொருளோடு. 2025 ஆகஸ்டில் இந்தியன் ஆயிலின் பானிபட் சுத்திகரிப்பு ஆலை, சமையலில் பயன்படுத்திய எண்ணெயிலிருந்து இதைத் தயாரிக்கப் பன்னாட்டுச் சான்றிதழ் பெற்றது. திட்டம் ஆண்டுக்கு சுமார் 35,000 டன். நாட்டின் விமானங்கள் குடிப்பதோ ஆண்டுக்கு ஏறக்குறைய 90 லட்சம் டன். பானிபட்டின் ஓராண்டு உழைப்பு ஒன்றரை நாளில் தீர்ந்துபோகும்.

ஆனாலும் இதை நான் சிறிது என்று ஒதுக்கமாட்டேன். பன்னாட்டு விமானப் போக்குவரத்துக் கணக்கில் பெட்ரோலிய எரிபொருள் ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு 89 கிராம் கார்பன் டை ஆக்சைடு. பயன்படுத்திய எண்ணெயில் செய்தது 13.9 கிராம். 2027இல் பன்னாட்டு விமானங்களில் 1 சதவீதம், 2028இல் 2, 2030இல் 5 என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. பழைய எண்ணெய்க்கு நல்ல விலை வந்தால் புது எண்ணெயையே பழையது என்று விற்கும் ஆசையும் வரும். சான்றிதழ் தேவைப்படுவது அதற்காகத்தான்.

குமுளிக் கடையின் மூலையில் 15 கிலோ டின் ஒன்றில் கறுத்த எண்ணெய் நிறைந்திருக்கிறது என்று வையுங்கள். அதில் பாதிக்குச் சற்று மேல், 8 கிலோ, விமான எரிபொருளாகும். ஏர்பஸ் 320 நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 கிலோ எரிக்கும். அந்த டின் அதைப் பன்னிரண்டு விநாடி தாங்கும். அதற்குள் விமானம் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் போய்விடும், குமுளிக் கடைத்தெருவிலிருந்து தேக்கடிப் படகுத்துறைப் பாதையில் பெரும்பகுதி. பாலக்காட்டுக் கணவாயின் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தை நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களோடு தாண்டப் பத்துப் பதினோரு டின் போதும்.