கருவிக்குத் தமிழ் தெரியுமா?

பொரளைச் சந்தியில் கைத்தொலைபேசி வாங்க நிற்போர் பெரும்பாலும் கேட்பன இரண்டே: விலை என்ன? படம் தெளிவாய் விழுமா? ஆசிரியரும் மாணவரும் மூன்றாவதாக ஒன்றைக் கேட்டல் வேண்டும் என்பது என் துணிபு: இதில் எழுதும் தமிழ் நாளையும் தமிழாகவே நிற்குமா?

காரணம் உண்டு. ஈழத்தில் நம்மவர் பலர் நெடுங்காலம் கணினியிற் கையாண்டது ‘பாமினி’ என்னும் எழுத்துரு. அதில் ‘தமிழ்’ எனக் காண்பது வெறும் வேடம்; உள்ளே கிடப்பன ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும். அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் வேடம் கலைந்துவிடும். எத்தனை வினாத்தாள்கள், எத்தனை கவிதைகள் இவ்வாறு உருக்குலைந்தன! 1991இல் வெளிவந்த யூனிக்கோடு தமிழுக்கெனத் தனி எண்களை வகுத்து இக்குறைக்கு வழிகண்டது. பழைய கோப்புக்களை வைத்திருப்போர் எழுத்துரு மாற்றியின் துணையால் அவற்றை இன்றே மாற்றிக்கொள்வாராக.

விண்டோஸ், அன்ட்ரொய்ட், ஐபோன் மூன்றும் இன்று யூனிக்கோடுத் தமிழ் அறிந்தவையே. அவற்றுள் எது என்பது பணப்பையின் வழக்கு. கருத்தோடு தெரியவேண்டியது விசைப்பலகையையே. ஒலிபெயர்ப்பு முறையில் ‘அம்மா’ என்று எழுதப் புகும் சிறுவன் முதலில் ஆங்கில எழுத்தை நினைக்கிறான். 1999இல் தமிழ்நாட்டில் வகுக்கப்பெற்ற ‘தமிழ்99’ முறையிலோ, ககரத்தையடுத்து இகரத்தைத் தட்டினால் ‘கி’ பிறக்கும். நாம் கரும்பலகையிற் கற்பிக்கும் உயிர்மெய்ப் புணர்ச்சியன்றோ இது! தட்டச்சுப் பொறியிற் பழகிய முதியோர் தம் பழைய வரிசையையே பேணட்டும். அவர்தம் விரல்களோடு வழக்காட நான் வரவில்லை. மாணவர்க்கு நான் பரிந்துரைப்பது தமிழ்99. ஐபோனில் அது முன்னரே அமைந்துள்ளது. அமைப்புப் பகுதியில் ஒருமுறை தெரிவுசெய்தாற் போதும்.