பாலைவனத்தில் ஒரு கூடாரம்

அமெரிக்காவின் தென்மேற்கில் சிறு குழந்தைகளோடு முகாம் போவது கொண்டாட்டம்தான், வெயிலோடும் தண்ணீரோடும் விளையாடாதவரை.

இரண்டு வயதுக் குழந்தையோடு பாலைவனத்தில் இரண்டு இரவு. நம் ஊரில் சொன்னால் பாட்டி உடனே தடை உத்தரவு போட்டுவிடுவார். ஆனால் அரிஸோனா, நியூ மெக்ஸிகோ, நெவாடா, யூட்டாவின் தென்பகுதி, கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு என்று விரியும் அமெரிக்கத் தென்மேற்கில், அக்டோபர் பிறந்து வெயில் தணிந்ததும் குடும்பங்கள் கிளம்பிவிடுகின்றன. காரின் பின்புறம் கூடாரம், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, நடுவில் எங்கோ குழந்தைகள். ஃபீனிக்ஸை ஒட்டிய சான்ட்லரில் குடியேறிய நம்மவர்களும் இதில் சேர்த்தி. அவர்களுடைய ஐஸ் பெட்டியில் தயிர் சாதம் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிறு பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல முதல் முகாம் கிடைப்பது கஷ்டம். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மழை அபூர்வம், கொசு குறைவு. மரங்கள் அடர்ந்து மறைக்காததால் ஓடும் குழந்தை கண்ணில் படும். கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் ஜம்போ ராக்ஸ் என்றொரு முகாம். பெயருக்கேற்ப, யானைக் கூட்டம் படுத்திருப்பது போல உருண்டு திரண்ட பாறைகள். கூடாரத்திலிருந்து பத்தடி நடந்தால் பாறை. நான்கு வயதுக்காரருக்கு அதில் ஏறி இறங்குவதே அன்றைய முழு நிகழ்ச்சி நிரல். பெரியவர்களுக்குத்தான் அது போதாது.

சிக்கல் தொடங்குவது அங்கேதான். இத்தனை தூரம் வந்துவிட்டோம், அந்த முனை வரை போய்ப் பார்த்துவிடலாம் என்ற ஆசை.

2015 ஆகஸ்டில் நியூ மெக்ஸிகோவின் வொயிட் சாண்ட்ஸில் நடந்ததை அந்த வட்டாரம் இன்னும் மறக்கவில்லை. பிரான்ஸிலிருந்து சுற்றுலா வந்த தம்பதி, 9 வயது மகனுடன் ஆல்கலி ஃப்ளாட் பாதையில் நடந்தார்கள். மொத்தம் சுமார் 8 கிலோமீட்டர், வெள்ளை ஜிப்சம் மணல்மேடுகள் மட்டுமே. நிழல் இல்லை, தண்ணீர் இல்லை. வெப்பம் 38 டிகிரி செல்ஷியஸ் அளவில். கையில் இருந்தது இரண்டு சிறிய பாட்டில் தண்ணீர். உடம்புக்கு முடியாமல் திரும்பிய தாய் வழியிலேயே இறந்தார். மேலே நடந்த தந்தையும் இறந்தார். பையன் பிழைத்தான். பெற்றோர் ஒரு வாய் குடித்துவிட்டு மகனுக்கு இரண்டு வாய் கொடுத்ததே காரணமாக இருக்கலாம் என்றார் மாவட்ட ஷெரீஃப். அவர்கள் அலட்சியமானவர்கள் அல்ல. கிட்டத்தட்ட எல்லாச் சுற்றுலாப் பயணிகளையும் போன்றவர்கள்தான்.

குழந்தை என்பது சிறிய அளவில் செய்யப்பட்ட பெரியவர் அல்ல. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு அதிகம். சுற்றிலும் உள்ள காற்று உடம்பை விடச் சூடானால் அந்தத் தோல் வழியே வெப்பம் வேகமாக உள்ளே இறங்கும். வியர்ப்பதும் குறைவு. போதாக்குறைக்கு, விளையாட்டு மும்முரத்தில் தாகத்தைச் சொல்லாது. டயப்பர் நெடுநேரம் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, துறுதுறுப்பு அடங்கிச் சுருண்டு படுக்கிறது என்றால் அன்றைய ஊர்சுற்றல் முடிந்தது என்று பொருள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து விசிறி, உதவி தேட வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் என்பது பூங்காக்கள் சொல்லும் குறைந்தபட்ச அளவு. நால்வர் குடும்பம் மூன்று பகல் தங்கினால் 45 லிட்டரைத் தாண்டும். சென்னை வீடுகளுக்கு வருகிற 20 லிட்டர் கேன் இரண்டரை. பாத்திரம் கழுவுவது தனி. ஜம்போ ராக்ஸில் குழாயே கிடையாது என்பதால் இதைக் காரில் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து. வியர்வையில் போன உப்பு திரும்ப வேண்டும். உப்பு பிஸ்கெட்டோ நம் முறுக்கோ அந்த வேலையைச் செய்யும்.

எப்போது போவது என்பதைவிட எந்த உயரத்துக்குப் போவது என்பதும் முக்கியம். ஃபீனிக்ஸில் 2023ல் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது. அந்த மாதிரி ஜூலையில் தரையில் கூடாரம் போடுவது குழந்தையை அடுப்பில் வைப்பதற்குச் சமம். ஆனால் டூசான் நகரத்தை ஒட்டியுள்ள லெம்மன் மலையில் ஏறினால் கதையே வேறு. வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுவது போல, அடிவாரத்தில் ஆளுயரத்தைப் போல் ஆறு மடங்கு நிற்கும் சகுவாரோ கள்ளிகள், ஒரு மணி நேரத்தில் பைன் காடு. வழியிலுள்ள மொலினோ பேசின் முகாம் குளிர்காலத்துக்கு. ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில், சிறிய ஏரியோடு இருக்கும் ரோஸ் கேன்யன் கோடைக்கு. உயரத்துக்கு ஒரு விலையும் உண்டு. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் பகலில் அரைக்கைச் சட்டையோடு ஓடிய குழந்தைக்கு அக்டோபர் இரவில் கம்பளித் தொப்பி வேண்டும். வெப்பம் உறைநிலையை ஒட்டி இறங்கிவிடும்.

நம்மவர்களை வியக்க வைக்கும் இன்னொரு செய்தி: அங்கும் மான்சூன் உண்டு, பெயரும் அதேதான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று வானிலைத் துறை தேதியே குறித்திருக்கிறது. பாலைவனத்தில் தண்ணீரால் சாவதா என்று கேட்கலாம். 1997 ஆகஸ்டில் அரிஸோனாவின் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்கில் 11 பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. 2017 ஜூலையில் பேஸன் நகருக்கு அருகே ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 10 பேரை, குழந்தைகள் உட்பட, வெள்ளம் அடித்துச் சென்றது. மேலே காட்டுத்தீயில் கருகிய மலைச்சரிவு மழையை உறிஞ்சாமல் அப்படியே உருட்டிவிட்டிருந்தது. வறண்ட ஓடைப் படுகை சமதளமாக, மெத்தென்ற மணலோடு, கூடாரம் போடவே செய்தது போலத்தான் இருக்கும். அங்கே போடக் கூடாது. தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பது எதற்கும் உத்தரவாதமல்ல.

பயணத்துக்கு முன் எல்லோரும் கவலைப்படுவது பாம்பையும் தேளையும் பற்றி. அலட்சியப்படுத்த வேண்டியதில்லை. அரிஸோனாவின் பார்க் தேள் கொட்டினால் சிறு குழந்தைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். அதற்கான விஷமுறிவு மருந்துக்கு 2011ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. காலையில் ஷூவைத் தட்டிவிட்டு மாட்டுவது, பாறை இடுக்கில் கைவிடாதிருப்பது, கூடாரத்தின் ஜிப்பை மூடிவைப்பது ஆகியவை பெரும்பாலும் போதும். புறஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும். தள்ளி நின்று அதைத் தேடுவது பிள்ளைகளுக்குப் பிடித்த இரவு விளையாட்டு.

அடிக்கடி அழவைப்பது சோயா என்ற கள்ளி. லேசாக உரசினாலே ஒரு துண்டு முள்ளுருண்டை கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் கையிலும் ஏறும். சீப்பை உள்ளே கொடுத்து ஒரே வீச்சில் தட்டிவிட்டு, மிச்ச முள்ளை இடுக்கியால் எடுப்பதுதான் உள்ளூர் வைத்தியம். முதலுதவிப் பெட்டியில் சீப்பு இல்லாமல் அங்கே யாரும் கிளம்புவதில்லை. (நம் வேலியோரச் சப்பாத்திக் கள்ளியின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான்.)

முன்பதிவு பெரும்பாலான இடங்களில் ஆறு மாதம் முன்பே திறக்கிறது. அக்டோபர் சனி ஞாயிறு வேண்டுமென்றால் ஏப்ரலில் கணினி முன் உட்கார வேண்டும். பூங்கா அலுவலகத்தில் ஜூனியர் ரேஞ்சர் புத்தகம் கிடைக்கும். அதிலுள்ள படங்களையும் புதிர்களையும் முடித்துக் காட்டினால், வனக்காவலர் குழந்தையை வலது கையைத் தூக்கச் சொல்லி, உறுதிமொழி வாங்கி, ஒரு பேட்ஜும் கொடுப்பார். மரத்தைக் காப்பேன், குப்பை போடமாட்டேன் என்று மழலையில் சொல்லி வாங்கிய அந்தப் பேட்ஜைப் படுக்கையிலும் கழற்ற மறுக்கும் பிள்ளைகள் அநேகம்.