வளைந்த கூரைக்கு வளையும் சோலார் பேனல்

அமெரிக்காவிலும் கனடாவிலும் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு முகாம் டிரெய்லர்களில் பலவற்றுக்குத் தட்டையான கூரை கிடையாது. கனடாவின் வின்னிபெக் நகரில் 1968இல் பிறந்த போலர், பின்னர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் தயாரான ஸ்கேம்ப் ஆகியவை கண்ணாடியிழையில் வார்த்த முட்டை வடிவ வண்டிகள். 1930களிலிருந்து ஓடும் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளின் அலுமினியக் கூரையும் உருண்டையானதே. இந்த வளைவால் காற்றின் எதிர்ப்பு குறைகிறது, மழைநீரும் தேங்காமல் வழிந்துவிடுகிறது. ஆனால் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் கொண்ட வழக்கமான சோலார் பேனலை அதன்மேல் உட்காரவைக்கக் கூரையில் துளையிட்டுத் தாங்கிகளைத் திருக வேண்டும். கூரையில் போடும் ஒவ்வொரு துளையும் நாளைக்கு ஒழுகக்கூடிய இடம். துளையிடாமல் ஒட்டிவிடக்கூடிய வளையும் சோலார் பேனல் இந்த வகை வண்டிகளுக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் எடை. 100 வாட் கண்ணாடிப் பேனல் ஏறத்தாழ 6 முதல் 7 கிலோ இருக்கும். அதே திறனுள்ள வளையும் பேனல் 2 கிலோ அளவில் முடிந்துவிடும். தடிமனும் சில மில்லிமீட்டர்தான். சிறிய கார் இழுக்கும் வண்டியில், அதுவும் அதன் உச்சியில், ஒவ்வொரு கிலோ குறைவதும் நல்லது. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே சிலிக்கான் செல்தான். மேலே கண்ணாடிக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, அவ்வளவே. மலிவான பேனல்களில் அந்தப் படலம் பெட் பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலில் அது மஞ்சளித்து, நாளடைவில் அடுக்கு விட்டுப் பிரியும். இடிஎஃப்இ என்ற ஃபுளூரின் கலந்த படலம் வெயிலை நன்றாகத் தாங்கும். வாங்கும்போது விசாரிக்க வேண்டிய முதல் விஷயம் இதுவே.

எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற கணக்கு அதற்கும் முன்னால் வர வேண்டும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் பொது நிலங்களில் பொதுவாக 14 நாள் வரை ஒரே இடத்தில் இலவசமாகத் தங்கலாம். மின் இணைப்பு எதுவும் இருக்காது. தேசியப் பூங்காக்களின் பல முகாம்களில் ஜெனரேட்டர் ஓட்டுவதற்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் நாலைந்து எல்இடி விளக்கு, கூரை விசிறி, செல்போன் சார்ஜ், தண்ணீர் பம்ப் ஆகியவை மட்டும் போதுமென்றால் 100 வாட் பேனலே சமாளிக்கும். 12 வோல்ட்டில் ஓடும் சிறு கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் சேர்ந்தால் அதற்கே நாளொன்றுக்கு 400 வாட்-மணி அளவில் தேவைப்படும்; அப்போது 200 வாட் வைப்பதே நிம்மதி. ஏசியை இந்தக் கூரையிலிருந்து ஓட்ட நினைப்பது வீண் ஆசை.

ஒரு விஷயத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஒட்டிய பேனலைச் சூரியனை நோக்கிச் சாய்க்க முடியாது. குளிர்கால முகாம்களுக்குப் பேர்போன அரிசோனாவின் குவார்ட்சைட் பகுதியில் டிசம்பர் நண்பகலில் சூரியன் தொடுவானிலிருந்து 33 பாகை உயரத்தில்தான் நிற்கும். படுத்த நிலையில் உள்ள பேனலுக்கு அப்போது நேர் வெயிலில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். ஜூன் நண்பகலில் ஏறக்குறைய முழுவதும் கிடைக்கும். குளிர்காலப் பயணிகள் கூரைப் பேனலோடு, தரையில் நிறுத்திச் சாய்க்கும் மடக்குப் பேனல் ஒன்றையும் எடுத்துச் செல்வது அதனால்தான்.

கூரையின் வளைவு இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. பேனலுக்குள் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், மிகக் குறைந்த வெளிச்சம் பெறும் செல்லே மற்ற செல்களின் மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தும். வடக்கு நோக்கி நிற்கும் வண்டியின் கூரை இருபுறமும் 20 பாகை சரிவதாக வைத்துக்கொள்வோம். காலையில் கிழக்கே சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது கிழக்குச் சரிவுக்குக் கிடைக்கும் நேர் ஒளி, மேற்குச் சரிவுக்குக் கிடைப்பதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். ஒரே பேனலை முகட்டின் குறுக்கே போட்டால் மேற்கிலுள்ள செல்கள் கிழக்கிலுள்ளவற்றின் உழைப்பையும் கெடுத்துவிடும். ஆகவே 200 வாட் பேனல் ஒன்றை முகட்டில் கவிழ்ப்பதைவிட, 100 வாட் பேனல்கள் இரண்டை முகட்டின் இருபுறமும் நீளவாக்கில் ஒட்டி இணையாக இணைப்பதே அறிவுடைமை. விசிறியின் மூடி, வானொலி ஆன்டெனா ஆகியவற்றின் நிழல் விழாத இடம் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஒரு கையகல நிழல்கூட விளைச்சலில் பெரும் பங்கை விழுங்கிவிடும்.

வளையும் என்ற சொல்லை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது மெல்லிய, நொறுங்கக்கூடிய சிலிக்கான். பல தயாரிப்பாளர்கள் மொத்த வளைவுக்கு 30 பாகை என்று எல்லை வைக்கிறார்கள். ஒரு திசையில் மட்டுமே வளைக்கலாம். ஏர்ஸ்ட்ரீம் கூரையின் முனைகளைப்போல இரு திசையிலும் வளைந்த இடத்தில் அழுத்தி ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் செல்களில் ஓடும். பேனல்மேல் முழங்காலை ஊன்றினாலும் அதே கதிதான்.

வளையும் பேனலுக்கு உண்மையான எதிரி வெப்பம். பேனலின் வாட் அளவு 25 பாகை செல்சியஸில் அளக்கப்படுவது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் சிலிக்கான் செல் ஏறத்தாழ 0.4 சதவீதம் திறனை இழக்கிறது. செல்லின் வெப்பம் 75 பாகையைத் தொட்டால் ஐந்தில் ஒரு பங்கு திறன் போய்விட்டது என்று பொருள். கண்ணாடிப் பேனலுக்கு அடியில் காற்று ஓடி அதைக் குளிர்விக்கும். கூரையோடு ஒட்டிய பேனலுக்கு அந்த வசதி இல்லை. வெப்பம் வண்டிக்குள்ளும் இறங்கும். தொடர்ந்து சூடேறிச் சூடாறுவதால் பிளாஸ்டிக் அடுக்குகளும் உள்ளிருக்கும் பற்றவைப்புகளும் தளர்கின்றன. கண்ணாடிப் பேனல் 25 ஆண்டு உத்தரவாதத்துடன் வரும்போது, வளையும் பேனல் சில ஆண்டுகளிலேயே சோர்ந்துபோவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அனுபவமுள்ளவர்கள் அதனால் பேனலைக் கூரையில் நேராக ஒட்டுவதில்லை. பசுமைக்குடில்களுக்குக் கூரையாகப் போடும் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தாளை இடையில் வைக்கிறார்கள். அதன் உள்ளே ஓடும் சிறு குழாய்கள் காற்றுக்கு வழிவிடும். இரு முனைகளும் அடைபடாமல் இருக்க வேண்டும். இதில் இன்னொரு நன்மை, பேனல் பழுதானால் கூரையைச் சுரண்டாமல் தாளோடு சேர்த்துக் கழற்றிவிடலாம். ஒருநாள் மாற்றியே ஆக வேண்டிய பொருள் என்று தெரிந்திருக்கும்போது, மாற்றுவதற்கு வழி வைத்துப் பொருத்துவதே சரியான வேலை.

ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பேனலையும் வெயிலில் வைத்து மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். 12 வோல்ட் வகை 100 வாட் பேனல் எதிலும் இணைக்காத நிலையில் 20 வோல்ட்டுக்கு மேல் காட்டும். கூரையைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்தி, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் மெழுகும் எண்ணெய்ப்பசையும் போகும். கூரை ரப்பர் விரிப்பாக இருந்தால் பெட்ரோலிய வகைக் கரைப்பான்கள் அதைக் கெடுக்கும். பசையும் அதற்கென்று உள்ளதாக இருக்க வேண்டும். இருபுறமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் நாடாவோ, காய்ந்த பிறகும் ரப்பர்போல இளகும் பாலியூரித்தேன் பசையோ பயன்படும். முன்விளிம்பைத் தனிக் கவனத்துடன் ஒட்ட வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நுழைவது அங்கேதான்; ஒரு மூலை தூக்கினால் முழுப் பேனலும் பறந்துவிடும். பசை முழுமையாக இறுகும்வரை, அதன் டப்பாவில் சொன்ன காலத்துக்கு, வண்டியைச் சாலையில் ஏற்றக்கூடாது.

ஒயரை உள்ளே இறக்கப் புதுத் துளை போடுவதற்குமுன், ஃபிரிட்ஜுக்காக ஏற்கெனவே உள்ள காற்றுத் துவாரம் வழியாகக் கொண்டுபோக முடியுமா என்று பார்ப்பது நல்லது. துளை தவிர்க்க முடியாதென்றால், நீர்புகாத ஒயர் மூடியைச் சீலன்ட் பூசிப் பொருத்த வேண்டும். இணையாக இணைத்த இரு பேனல்கள் 11 ஆம்பியர் அளவுக்கு அனுப்பும். கூரையிலிருந்து 5 மீட்டர் இறங்கும் பாதைக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டில் நிற்கும். பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி சீராக்கும் சார்ஜ் கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு அருகிலேயே மாட்டி, இரண்டுக்கும் நடுவே, பேட்டரியை ஒட்டி, 20 ஆம்பியர் ஃபியூஸ் வைக்க வேண்டும். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் இணைத்து, பிறகே பேனலை இணைப்பது பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் வரிசை. கழற்றும்போது பேனல் முதலில் வர வேண்டும். வேலை நடக்கும்வரை பேனலைப் போர்வையால் மூடி வைப்பது பாதுகாப்பு.

கன்ட்ரோலரில் இரண்டு வகை. விலை குறைந்த பிடபிள்யூஎம் வகை, பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரவல்ல பேனல் 13 வோல்ட்டில் ஓடினால் 72 வாட் அளவுதான் தேறும். எம்பிபிடி வகை அந்த உபரி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். ஆனால் பேனல் கடுமையாகச் சூடாகும்போது அதன் வோல்ட்டே இறங்கிவிடுவதால் கோடைப் பாலைவனத்தில் இரண்டுக்குமான இடைவெளி சுருங்கும். குளிர்ந்த மலைப்பகுதிகளில்தான் எம்பிபிடி முழு மதிப்பையும் காட்டும்.

பேட்டரியிலும் இரண்டு வகை உண்டு. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் அது கெடாமல் எடுக்கலாம், அதாவது 600 வாட்-மணி. அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தரும். எடையும் பாதிக்குக் குறைவு. விலை கூடுதல். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் வரும். மலைமுகாம்களுக்குப் போகிறவர்கள் குளிரில் சார்ஜைத் தானே நிறுத்தும் பேட்டரியை வாங்க வேண்டும், அல்லது பேட்டரியை வண்டிக்குள் வைக்க வேண்டும்.

பொருத்திய பிறகு பராமரிப்பு அதிகமில்லை. தூசியை நிறையத் தண்ணீரும் மென்துணியும் கொண்டு கழுவலாம். சொரசொரப்பான எதையும் படலத்தில் படவிடக்கூடாது. பருவத்துக்கு ஒருமுறை தெளிந்த நண்பகலில், பேட்டரி நிறையாமல் இருக்கும்போது, கன்ட்ரோலர் காட்டும் ஆம்பியரைக் குறித்து வைத்து முந்தைய குறிப்போடு ஒப்பிட வேண்டும். விளிம்பு தூக்கியிருக்கிறதா, படலத்தில் கொப்புளமோ பழுப்புப் புள்ளியோ தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பழுப்புப் புள்ளி என்பது ஒரு செல் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்பதன் அடையாளம். அந்தப் பேனலின் இணைப்பை அன்றே துண்டித்து, புதியது வரும்வரை மூடிவைக்க வேண்டும்.