பாக்கெட் கறி வாங்குறீங்களா? கலரை மட்டும் பார்த்து எடுக்காதீங்க.. கவனிக்க வேண்டியது என்ன?

"தொடைக்கறி அரைக் கிலோ, நெஞ்செலும்பு கொஞ்சம் போடுங்கண்ணே" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை முன் நின்று பார்த்துப் பார்த்து வாங்குவதுதான் தேனி, போடி, கம்பம் பக்கத்து வழக்கம். ஆடு கண்முன்னே தொங்கும். சந்தேகம் வந்தால் கடைக்காரரிடமே கேட்டுவிடலாம்.

ஆனால், சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் போட்டு வைத்திருக்கும் கறியை எப்படி நம்பி வாங்குவது? பார்க்கலாம்.

முதலில் பாருங்க 'சில்'

கறிக்கடையில் வாங்கும் கறி, சில மணி நேரத்தில் குழம்பாகிவிடும். பாக்கெட் கறி அப்படியல்ல. வெட்டிய இடத்தில் இருந்து கடைக்கு வந்து, உங்கள் கைக்குக் கிடைக்கும் வரை குளிர்ச்சி குறையாமல் இருந்தால்தான் அது நல்ல கறி.

உறைய வைக்காத கறி 0 முதல் 4 டிகிரி செல்சியஸிலும், உறைய வைத்த கறி மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். பெரும்பாலான ஃப்ரீசர்களில் வெப்பநிலை காட்டும் டிஸ்ப்ளே இருக்கும். அதைப் பாருங்கள். குவியலின் உச்சியில், பெட்டியின் விளிம்பைத் தாண்டி நிற்கும் பாக்கெட்டுகளுக்குக் குளிர் சரியாகக் கிடைக்காது. அடியில் இருப்பதை எடுப்பது நல்லது.

உறைந்த பாக்கெட்டுக்குள் கட்டி கட்டியாக ஐஸ் இருக்கிறதா? கறி ஒருமுறை உருகி, மறுபடி உறைந்திருக்கலாம். அது வேண்டாம்.

சிவப்பாக இருந்தால் புதுசா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கறிக்கு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம். காற்று பட்டால்தான் அது பளிச்சென்று சிவக்கும். காற்றை உறிஞ்சி எடுத்து பேக் செய்த மட்டன் கருஞ்சிவப்பாகத்தான் தெரியும். பிரித்துச் சிறிது நேரம் வைத்தால் நிறம் மாறும். அதைக் கெட்டுப்போன கறி என்று நினைக்க வேண்டாம்.

கலரைவிட இவை முக்கியம்:

* விரலால் அழுத்தினால் குழி விழாமல் பழையபடி எழும்ப வேண்டும்.
* பிசுபிசுப்போ, புளித்த வாடையோ இருக்கக் கூடாது.
* தட்டில் தண்ணீர் அதிகம் தேங்கியிருக்கக் கூடாது.
* சிக்கனில் சாம்பல் அல்லது பச்சை நிறத் திட்டு தெரியக் கூடாது.
* பாக்கெட் உப்பியோ, கிழிந்தோ இருக்கக் கூடாது.

லேபிளில் பேக் செய்த தேதி, கடைசித் தேதி, 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உரிம எண் மூன்றும் இருக்க வேண்டும். ஆனால், சரியான குளிரில் வைத்திருந்தால் மட்டுமே அந்தக் கடைசித் தேதிக்கு அர்த்தம்.

பஸ்ல போற தூரமும் கணக்கு

தேனியில் இருந்து கம்பத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். சின்னமனூர், உத்தமபாளையம் என நின்று போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். எனவே, கறி 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான் கணக்கு.

அதனால் மற்ற சாமான்களை எல்லாம் எடுத்த பிறகு, கடைசியாகக் கறியை எடுங்கள். தூரம் அதிகம் என்றால் ஐஸ் வைத்த பை அவசியம். இல்லையென்றால், உங்க ஊர் கறிக்கடையில் அன்றைக்கு வெட்டிய கறியே மேல்!

பறவைக் காய்ச்சல் சமயத்தில் சிக்கன் சாப்பிடலாமா?

2021 ஜனவரியில் கேரளாவின் ஆலப்புழா, கோட்டயம் மாவட்டங்களில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளாவை ஒட்டியிருக்கும் தேனி மக்களுக்கு இதுபோன்ற செய்தி வந்தாலே இந்தச் சந்தேகம் வரும். கறியின் உள்பகுதி வரை 70 டிகிரிக்கு மேல் வெந்தால் அந்த வைரஸ் அழிந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரைவேக்காடு மட்டும் கூடாது. பச்சைக் கறி பட்ட கத்தி, பலகை, கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுவதும் முக்கியம்.

வீட்டுக்கு வந்து பிரித்த பிறகு கெட்ட வாடை வருகிறதா? மசாலா போட்டுச் சமாளிக்க நினைக்காதீங்க. கெட்ட கறியில் உருவாகும் சில நச்சுகள் கொதிக்க வைத்தாலும் போகாது. பில்லையும் பாக்கெட்டையும் பத்திரமாக வைத்து, கடையில் திருப்பிக் கொடுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையிலும் புகார் செய்யலாம்.