முயலுக்கும் துணை வேண்டும்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பிடிவாதக்காரர்களைக் கேலி செய்வோம். நிலாவில் முயல் இருப்பதாகப் பாட்டிமார் கதை சொன்னார்கள். திருவள்ளுவரும் படைச்செருக்கு அதிகாரத்தில், காட்டு முயலை வீழ்த்திய அம்பைவிட யானைக்குக் குறி தவறிய வேலை ஏந்துவதே பெருமை என்கிறார். தமிழில் முயலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இங்கே நாக்பூரிலும், தில்லி, மும்பை போன்ற நகரங்களிலும் நம் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கி வரும் வெள்ளை முயல் வேறு பிராணி. அதன் குணமும் வேறு. அது தெரியாமல் ஒற்றை முயலை வாங்கிக் கூண்டில் அடைப்பதால் அந்த வாயில்லா ஜீவன் படும் பாடு கொஞ்சமல்ல.

இரண்டு வகை முயல்கள்

வள்ளுவர் கண்ட காட்டு முயல் புதரோரத்தில் பெரும்பாலும் தனித்து வாழ்வது. குழி தோண்டாது. அதன் குட்டிகள் பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம்.

வீட்டு முயலின் மூதாதையர் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளைச் சேர்ந்த குழிமுயல்கள். இவை மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாகக் குடியிருப்பவை. நம் ரயில்வே காலனி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டிகள் மயிரின்றி, கண் திறவாமல் பிறக்கும். நம் நாட்டில் வளர்க்கப்படும் நியூசிலாந்து ஒயிட், சோவியத் சின்சில்லா எல்லாம் இந்த வம்சமே. (நியூசிலாந்து ஒயிட் உருவானது அமெரிக்காவில் என்பது வேடிக்கை!) கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்திலும் இத்தகைய முயல்களை வளர்க்கிறார்கள்.

குழிமுயல்களின் குடும்ப வாழ்க்கையை ரொனால்ட் லாக்லி என்பவர் வேல்ஸ் நாட்டில் பொறுமையாகக் கவனித்து 1964இல் நூலாக வெளியிட்டார். 1972இல் வந்த ரிச்சர்ட் ஆடம்ஸின் புகழ்பெற்ற முயல் நாவலுக்கு அந்நூல்தான் ஆதாரம். ஆணுக்குள் ஒரு வரிசை, பெண்ணுக்குள் ஒரு வரிசை என்று முயல் கூட்டத்தில் சீனியாரிட்டி உண்டு. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் மிகிடோவிச் என்ற விஞ்ஞானி, முயலின் தாடைக்கடியில் உள்ள வாசனைச் சுரப்பியை ஆராய்ந்தார். முயல் தாடையைத் தேய்த்த இடமெல்லாம் அதன் சொந்த இடம். ஆகவே நாற்காலிக் காலிலோ உங்கள் செருப்பிலோ அது தாடையை உரசினால், பட்டா போட்டுக்கொண்டது என்று அர்த்தம்.

முயல் தரும் சிக்னல்கள்

முயல் குரைக்காது, சாதாரணமாகக் கத்தவும் கத்தாது. அதனால் அதற்கு உணர்ச்சி இல்லை என்று நினைத்துவிடுகிறோம். மூடுபனிக் காலத்தில் தண்டவாளத்தின் மேல் டெட்டனேட்டர் வைப்போமே, அதுபோல முயல் பின்னங்காலால் தரையில் 'டொப்'பென்று தட்டினால் ஆபத்து அறிவிப்பு. மகிழ்ச்சி மிகுந்தால் துள்ளி எழும்பி அந்தரத்தில் உடம்பை முறுக்கும். பயம் சிறிதும் இல்லாதபோது பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து படுக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் செத்துவிட்டதோ என்று பதறுவார்கள். தடவும்போது பற்களை மெல்ல உரசினால் சுகம். உரக்க நறநறவென்று கடித்தால் வலி.

இன்னொரு சந்தேகம் பலருக்கு உண்டு. தாய் முயல் குட்டிகளிடம் போவதே இல்லையே, பாசமில்லையோ? அது நாளுக்கு ஒரு முறை, ஐந்து நிமிடத்துக்குள் பாலூட்டிவிட்டு விலகிவிடும். எதிரி மோப்பம் பிடித்து வரக்கூடாது என்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. தாயின் பாலிலுள்ள ஒரு வாசனைதான் குட்டிகளைக் காம்பைத் தேட வைக்கிறது என்று 2003இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். பிறந்த முதல் வாரத்தில், பாலூட்டும் நேரத்தையொட்டி மனிதக் கை பட்ட குட்டிகள் பின்னாளில் மனிதரிடம் குறைவாகவே பயப்படுகின்றன என்று 1999இல் ஹங்கேரியில் நடந்த ஆராய்ச்சி காட்டியது.

இரண்டைச் சேர்த்து வைப்பது

முன்பின் அறியாத இரு முயல்களை ஒரே கூண்டில் விட்டால் ரத்தக் களறியாகும். பெட்டிகளை இணைக்கும்போது இன்ஜின் மெதுவாக வந்து பஃபரைத் தொடவேண்டும். வேகமாக வந்தால் பெட்டி தடம் புரளும். இங்கும் அதே விதிதான்.

முதலில் இரண்டுக்கும் கருத்தடை அறுவை. கர்ப்பகாலம் ஒரு மாதமே. குட்டி போட்ட அன்றே மறுபடி சினையாகக்கூடிய பிராணி இது. அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு வயதானபின் கருப்பைப் புற்றுநோய் வருவது அதிகம். ஆணுக்கு அறுவை முடிந்தும் சில வாரங்கள் சினைப்படுத்தும் சக்தி இருக்குமாதலால் அதுவரை தனியே வைக்கவும். முயலைக் கையாண்டு பழகிய கால்நடை மருத்துவரையே நாடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. எனவே நாயைப் போல அறுவைக்கு முன் அதைப் பட்டினி போடும் வழக்கமில்லை.

பிறகு இரண்டையும் அடுத்தடுத்த கூண்டுகளில், ஒன்றையொன்று கடிக்க முடியாத இடைவெளியில் வைக்கவேண்டும். படுக்கைத் துணிகளை அவ்வப்போது மாற்றிப் போட்டால் வாசனை பழகும். சில நாட்கள் கழித்து, இரண்டுக்கும் உரிமையில்லாத புது இடத்தில், குளியலறையோ நடைபாதையோ, பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து பார்க்கவும். லேசாகத் துரத்துவதும் முதுகில் ஏறுவதும் சீனியாரிட்டி முடிவு செய்யும் முறை. உருண்டு புரண்டு கடித்தால் உடனே தடித்த துண்டைப் போட்டுப் பிரிக்கவும்; வெறுங்கையை நீட்டாதீர்கள். ஒன்றன் நெற்றியை மற்றது நக்கிவிட்டு, ஒட்டிப் படுக்க ஆரம்பித்தால் இணைப்பு முடிந்தது. சில ஜோடிக்கு நாட்கள் போதும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் எளிதில் ஒத்துப்போகும்.

நம்மோடு நட்பு

முயல் வேட்டையாடப்படும் இனம். மேலேயிருந்து ஒரு கை வந்து தூக்கினால் அதற்குப் பருந்து கவ்வியதுபோல்தான். தரையில் உட்கார்ந்து, ஏதாவது படித்துக்கொண்டு சும்மா இருங்கள். அதுவாக வந்து முகர்ந்து பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னால் அதற்குக் கண் தெரியாது. ஆகவே கையை அங்கே நீட்டாமல் நெற்றியில் தடவுங்கள். தலையைத் தாழ்த்திக் கொடுத்தால் உங்களைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டது என்று பொருள். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. தூக்கும்போது பின்பகுதியைத் தாங்காவிட்டால், உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம். மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடப்பது சொக்கிப் போனதால் அல்ல, பயத்தில் விறைத்ததால்.

புல்லே அதற்குப் பிரதான ஆகாரம். வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள் அதனால்தான் தேயும். விநாயகருக்கு வாங்கும் அருகம்புல், மராட்டியில் 'தூர்வா', அதற்கு மிகவும் உகந்தது. நம் ஊர் மே மாத வெயில் அதற்கு யமன். ஈரத் துணி சுற்றிய ஐஸ் பாட்டிலும், சாய்ந்து படுக்கக் குளிர்ந்த ஓடும் வைக்கவேண்டும்.

மாற்றல் வந்தால்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நன்றாக வளர்த்தால் முயல் எட்டு முதல் பத்து ஆண்டு வாழும். அதற்குள் நம்மில் பலருக்கு இரண்டு மாற்றல் உத்தரவு வந்துவிடும். எங்கள் காலனியில் ஒரு குடும்பம் அவசரமாகப் புறப்படும்போது, நான்கு ஆண்டு சேர்ந்திருந்த ஜோடியை, நல்ல எண்ணத்தோடுதான், ஆளுக்கொன்றாக இரு வீடுகளுக்குக் கொடுத்தது. பெண் முயல் மூலையில் சுருண்டு தீனியைத் தொடவில்லை. புல்லும் கீரையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் இரு வீட்டாரும் பேசி ஆணைக் கொண்டுவந்து விட்டபிறகே அது தலை தூக்கியது. மொழி தெரியாத ஊரில் முதன்முதல் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸில் தமிழ்க்குரல் கேட்க ஏங்கியவர்கள் நாம். அந்தத் தவிப்பை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனவே ஜோடியைக் கொடுப்பதானால் ஜோடியாகவே கொடுங்கள். பிரயாணத்திலும் ஒரே கூடை. ஒன்றை மருத்துவரிடம் கொண்டுபோனாலும் மற்றதையும் உடன் கொண்டுபோங்கள். இல்லையேல் வேற்று வாசனையோடு திரும்பும் துணையை மற்றது எதிரியாகப் பாவிக்கும். ஒன்று இறந்தால், மற்றது சிறிது நேரம் அருகில் இருந்து முகர்ந்து பார்க்கட்டும். தேடி அலைவது குறையும். அரை நாள் தீனி எடுக்காவிட்டால் தாமதியாமல் மருத்துவரிடம் ஓடவேண்டும்.

பிள்ளைகள் முயல் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், அன்றே சந்தைக்கு ஓடவும் வேண்டாம். இரண்டாக வளர்க்க இடம் உண்டா, பத்தாண்டு பார்த்துக்கொள்ள மனம் உண்டா, மாற்றல் வந்தால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக முடியுமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். மூன்றுக்கும் 'ஆம்' என்றால் பச்சைக்கொடி காட்டலாம்.