வாங்கில் இருக்கும் பிள்ளை

கடந்த மாதம் வாவிக்கரைப் பக்கம் ஒரு சிநேகபூர்வ கூடைப்பந்தாட்டம் பார்க்கப் போனேன். ஒரு ரீமில் பன்னிரண்டு பேர். ஐந்து பேர் உள்ளே, ஏழு பேர் வாங்கில். வாங்கின் கடைசியில் இருந்தவனுக்குப் பதினாறு வயதிருக்கும். ஆட்டம் முழுக்க நடுவர் விசில் ஊதும்போதெல்லாம் அவன் எழும்பி நின்றான். யாரையாவது மாற்றுவார்கள், தன்னைக் கூப்பிடுவார்கள் என்ற நினைப்பு. கடைசியில் நான்கு நிமிடம் கிடைத்தது. அந்த நேரத்தில் இருபது புள்ளி வித்தியாசம் வந்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை.

"கால் நோவா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. நான் வாங்குதான்" என்றான். ஏதோ தொழிலைச் சொல்வதுபோல.

இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது. ஒரு ரீமில் ஆட்கள் எப்படி மாறுகிறார்கள், வாங்கில் இருக்கிற ஒருவனுக்குள் ஆட்டக்காரன் இருக்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பற்றியதும்தான்.

முதலில் கணக்கு. ஆட்டம் 40 நிமிடம். உள்ளே ஐந்து பேர். ஆகவே ஒரு பயிற்றுநரிடம் பங்கிடுவதற்கு இருப்பது மொத்தம் 200 நிமிடம். முதல் ஐவர் ஆளுக்கு 30 நிமிடம் எடுத்தால் 150 முடிந்தது. அடுத்த மூவர் ஆளுக்கு 15 எடுத்தால் இன்னொரு 45. மிச்சம் 5 நிமிடம், அதற்குக் காத்திருப்பவர்கள் நான்கு பேர். உதைபந்தாட்டத்தில் வெளியே எடுத்தவரைத் திரும்ப இறக்க முடியாது. கூடைப்பந்தில் எத்தனை தரமும் மாற்றலாம். அப்படியிருந்தும் கடைசி நால்வருக்கு வாய்ப்பு வருவதில்லை. ஐந்து தவறுகள் செய்து ஒருவர் வெளியேற வேண்டும், அல்லது ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்க வேண்டும், அல்லது ஆட்டம் ஏற்கெனவே முடிந்த கதையாக இருக்க வேண்டும். அந்தப் பொடியனுக்குக் கிடைத்தது மூன்றாவது வகை.

பயிற்றுநர் முன்னாள் ஆட்டக்காரர். ஏன் அவனை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அவன்ட கையப் பாக்காதீங்க, காலப் பாருங்க" என்றார். "கை பழகும். பந்து இல்லாத நேரம் அவன் எங்க நிக்கான் எண்டு பாருங்க."

பார்த்தேன். அந்த நான்கு நிமிடத்தில் பந்து அவன் கைக்கு இரண்டு தரம்தான் வந்தது. ஒன்றைத் தவறவிட்டான். ஆனால் எதிரணி பந்தைச் சுழற்றும்போது, மற்றவர்கள் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்க, இவன் மட்டும் ஒரு கண் பந்திலும் ஒரு கண் தன் ஆளிலுமாக அரை அடி முன்னே நகர்ந்துகொண்டிருந்தான். தவறவிட்ட பிறகு தலையைத் தொங்கப் போடாமல் ஓடித் திரும்பினான். இதெல்லாம் புள்ளித்தாளில் வராத விடயங்கள்.

இந்த ஊருக்கு இந்த விளையாட்டு வெறுமனே வந்து சேரவில்லை. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து யேசு சபைக் குருக்கள் கிழக்குக்கு வந்தார்கள். எங்கள் வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான ஹரோல்ட் வெபர் அடிகளின் பெயரில்தான் இருக்கிறது. 1948இல் வந்த யூஜின் ஹேபர்ட் அடிகள் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். லூசியானாவில் பிறந்தவர், வாழ்க்கையின் பெரும்பகுதியை இங்கேதான் கழித்தார். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூடச் சென்ற தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் படுகொலை நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்தப் பாதையில் யார் யாரைக் கொல்கிறார்கள் என்று சொல்ல முடியாத மாதம் அது. இன்றுவரை அவருக்கு ஒரு கல்லறை இல்லை. எங்கள் ஊரில் பயிற்றுநர்கூடக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியலில்தான் இருக்கிறார்.

இனி கொஞ்சம் ரொறன்ரோவுக்குப் போவோம். வாசிப்பவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சித்தப்பாவோ மச்சானோ இருப்பார்கள்தானே.

2016 ஜூனில் ரொறன்ரோ றப்டேர்ஸ் அணி, புதிய ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் நாளில், 27ஆவது இடத்தில் பஸ்கால் சியாகம் என்ற கமரூன் இளைஞனை எடுத்தது. கத்தோலிக்கக் குருமடத்தில் படித்தவர், மகன் குருவாக வேண்டும் என்பது தகப்பனின் ஆசை. கூடைப்பந்தைப் பதின்ம வயதின் பிற்பகுதியில்தான் கையில் எடுத்தார். அமெரிக்காவில் படிக்கும்போது 2014இல் தகப்பன் இறந்தார். ஊருக்குப் போனால் விசாச் சிக்கலால் திரும்பி வர முடியாமல் போகலாம் என்ற பயத்தில் அவர் கடைசிக் கிரியைக்குப் போகவில்லை. இதை வாசித்தபோது எனக்குக் கமரூன் ஞாபகம் வரவில்லை. எங்கள் தெருவில் வீடியோ அழைப்பில் கொள்ளி பார்த்தவர்கள்தான் ஞாபகம் வந்தார்கள்.

சியாகமுக்குத் தொடக்கத்தில் அதிர்ஷ்டம். மூத்த ஆட்டக்காரர் ஒருவருக்குக் காயம், அதனால் முதல் ஐவரில் இடம். பின்னர் ஆட்டம் சோர்ந்தது. 2017 பெப்ரவரியில் அணி நிர்வாகம் இரண்டு மாற்றங்கள் செய்தது: ஒர்லாண்டோவிடமிருந்து சேர்ஜ் இபாகாவையும் பீனிக்ஸிடமிருந்து பி.ஜே. டக்கரையும் வாங்கியது. இருவரும் சியாகம் ஆடும் இடத்துக்கே வந்தவர்கள். இளையவனுக்கு வாங்குகூட மிஞ்சவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விடயம். அவரை அவர்கள் துரத்தவில்லை, கீழ்மட்ட லீக்கில் ஆடும் தங்கள் இளைய அணிக்கு அனுப்பினார்கள். அதன் பெயர் றப்டேர்ஸ் 905. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நகரங்களின் தொலைபேசிக் குறியீடு அது. மார்க்கத்தில் இருக்கும் எங்கள் சொந்தக்காரரின் இலக்கமும் அதே 905இல்தான் தொடங்கும். அங்கே தினமும் ஆட்டம், நிறைய நிமிடம், பிழை விட்டாலும் உடனே இழுத்து உட்கார வைக்க மாட்டார்கள். அந்த 2017 வசந்தத்தில் 905 அணி தன் லீக்கில் சம்பியன் ஆனது, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் சியாகம். கூட ஆடியவர் பிரெட் வான்வ்லீட். தெரிவு நாளில் எந்த அணியும் பெயர் சொல்லாத குள்ளமான பொடியன்.

இரண்டு வருடம் கழித்து, 2019 ஜூன் 13. கோல்டன் ஸ்டேட் அணியை 114-110 என்று வென்று றப்டேர்ஸ் முதல் தடவையாக என்.பி.ஏ. சம்பியன். அந்த இரவு சியாகமுக்கு 26 புள்ளிகள், வான்வ்லீட்டுக்கு 22. கவாய் லெனர்ட் என்ற பெரிய பெயரைக் கொண்டுவருவதற்காக அணி தன் செல்லப்பிள்ளை டெமார் டெரோசனை விற்றதுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதுவும் தேவைதான். ஆனால் வாங்கிய ஆள் அந்த யூலையிலேயே லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விட்டார். வளர்த்தவர்கள் இன்னும் நாலு வருடம் நின்றார்கள்.

அதே அணியின் வாங்கில் அன்று இருந்தவர் ஜெரமி லின். 2011 டிசம்பரில் இரண்டு அணிகள் கழித்துவிட, 2012 பெப்ரவரியில் நியூயோர்க்கின் வாங்கிலிருந்து எழும்பி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். 2019இல் மறுபடி வாங்குக்கு வந்து, இறுதித் தொடரில் கிட்டத்தட்ட ஆடாமலே சம்பியன் மோதிரம் வாங்கினார். ஏற்றம் வந்தால் அது நிலைத்துவிடும் என்று நினைப்பவர்கள் இவரை ஒரு தரம் பார்க்க வேண்டும்.

எங்களிடம் 905 இல்லை. பாடசாலை ரீம் இருக்கிறது, அது முடிந்தால் கழகம் இருக்கிறது, சம்பளம் தருகிற இடம் எதுவும் இல்லை. வாங்கில் இருப்பவன் நிறைய நிமிடம் ஆடிப் பிழைவிட்டுப் பழகுவதற்கென்று நடுவில் ஒரு படி இல்லை. பாடசாலைக் காலத்தில் வாங்கிலேயே இருந்துவிட்டால் அதோடு முடிந்தது.

அப்படியென்றால் எங்கள் ஊரில் வாங்கிலிருப்பவன் எப்படி உள்ளே போகிறான்? நான் போன விதத்தைச் சொல்கிறேன்.

2004இல் எனக்குப் பதினைந்து வயது. பாடசாலை ரீமில் நான் பதினோராம் ஆள். அந்த மார்ச்சில் இயக்கம் கிழக்கில் இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகு பின்னேரங்களில் பொடியன்களை வெளியே விட எந்தத் தாய்க்கும் மனமில்லை. யார் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தெரியாது. முதலில் இரண்டு பேர் பயிற்சிக்கு வராமல் விட்டார்கள். பிறகு ஒருவனைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். டிசம்பர் 26இல் கடல் வந்தது. கல்லடிப் பக்கத்தில் இருந்த எங்கள் கெப்டன் வீட்டில் தப்பியது அவனும் தங்கச்சியும்தான். அவன் திரும்ப விளையாட வரவில்லை. அடுத்த வருடம் நான் முதல் ஐவரில் ஒருவன். அம்மா சந்தோசப்பட்டார். நான் ஒருநாளும் நல்ல ஆட்டக்காரனாக இருக்கவில்லை. என் இடது கை இன்றும் உதவாது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இல்லாமல் போனார்கள், வரிசை நகர்ந்தது, அவ்வளவுதான்.

ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்து, ஊர் ஊராகப் போய் எழுதும் இந்த வேலையிலும் சிலவேளை அதே நினைப்பு வரும்.

இப்போது யாரும் பிடித்துக்கொண்டு போவதில்லை. ஆனால் வரிசை இன்னும் அப்படித்தான் நகர்கிறது, கட்டார், டுபாய், கொழும்பு என்று. போன கிழமை அந்த ரீமின் முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவனுக்கு விசா வந்துவிட்டது. நான் சொன்ன பொடியன் அடுத்த ஆட்டத்தில் பதினொரு நிமிடம் ஆடினான். மூன்று தவறுகள், இரண்டு புள்ளிகள். இரண்டு பந்தை எதிரணிக்கே கொடுத்தான். வாங்கிலிருந்து ஒருவர் அவனை மாற்றச் சொல்லிக் கத்தினார்.

பயிற்றுநர் மாற்றவில்லை. "விடுங்க, பிழைவிட்டுப் படிக்கட்டும்" என்றார்.

ஆட்டம் முடிந்ததும் அவனுடைய தாய் என்னைப் பயிற்றுநர் என்று நினைத்து வந்தார். சாதாரண தரப் பரீட்சை வருகிறது, பயிற்சியைக் கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைக்க முடியுமா என்று கேட்டார். நான் ஆள் மாறிவிட்டது என்று சொல்லி, பயிற்றுநரைக் கைகாட்டினேன். அவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, பொடியன் சப்பாத்தைக் கழற்றாமல் வெறும் மைதானத்தில் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.