வாட்டலுக்கு ஏற்ற வேலிகாத்தான் கரி

காணை, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் தரிசு நிலங்களில் மண்டிக் கிடக்கும் வேலிகாத்தானை வெட்டி அகற்றும்போது, அதை அடுப்பு விறகோடு நிறுத்திவிட வேண்டியதில்லை. கோழி, மீன் வாட்டுவதற்கு இதன் கரி மிகவும் ஏற்றது. 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவிக்கப்பட்டு அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் நடப்பட்ட மரம் இது. அமெரிக்காவின் டெக்சாஸில் இறைச்சி வாட்டப் பயன்படும் 'மெஸ்கீட்' மரமும் இதன் இனமே. (ஏரிப் புறம்போக்கு மரங்களை அனுமதியின்றி வெட்டலாகாது.)

சவுக்குக் கரியும் நல்ல சூடு தரும். ஆனால் கம்பமாகவோ காகிதக்கூழுக்கோ விலைபோகும் தடியைக் கரியாக்குவானேன்? கிளையும் வேரடிக் கட்டையும் போதும். கருவேல், புளி ஆகியவையும் கெட்டிக் கரி தருபவை. கொட்டாங்கச்சிக் கரி சிறு அடுப்புக்குச் சிறந்தது.

பச்சை விறகைச் சுட்டால் வெப்பத்தின் பெரும்பகுதி ஈரத்தை விரட்டவே செலவாகிவிடும். ஆகவே பிளந்து, சில மாதம் காயவிட்ட பிறகே மூட்டம் போடவேண்டும். மண் மூட்டத்தில் நான்கைந்து கிலோ காய்ந்த விறகுக்கு ஒரு கிலோ கரி கிடைப்பதே பெரிது. முதலில் வெண்புகை அடர்த்தியாக வரும். அது பெரும்பாலும் நீராவி. புகை மெலிந்து நீலமானதும் துளைகளை மண்ணால் அடைத்து, முற்றிலும் ஆறும்வரை காத்திருக்கவேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு மொத்தமும் பற்றிக்கொள்ளும்.

நல்ல கரி கனமற்று, தட்டினால் 'கணீர்' என்று ஒலிக்கும். உடைத்த முகம் பளபளக்கும். பழுப்பேறிக் கனக்கும் துண்டு அரைவேக்காடு. புகை கக்கி இறைச்சியைக் கெடுக்கும். வாங்கும் வியாபாரி அதைத்தான் முதலில் தேடுவார்.

கரியின் மேல் சாம்பல் பூத்த பிறகே இறைச்சியை வைக்கவேண்டும். புகை மணம் விரும்புவோர் காய்ந்த வேலிகாத்தான் சிம்பு ஒன்றிரண்டைத் தணலில் இடலாம், கூடினால் கசக்கும்.

அரளிக் குச்சியை எக்காரணம் கொண்டும் சேர்க்கவேண்டாம், அது நஞ்சு. வர்ணம் பூசிய பலகையும், காரமான எண்ணெய் உள்ள முந்திரிக்கொட்டை ஓடும் கூடாது. கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லாததால், தூங்குபவர் அறியாமலே உயிர் போய்விடும். மழைக்காலத்திலும் திறந்த தாழ்வாரமே ஏற்ற இடம்.